எல்டன் ரிங்: மார்கிட்டைத் தாண்டும் வரை

ஒரு கேமுக்காக இரண்டரை வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். அதுவும் அதைச் செய்யும் கம்பெனியின் எந்த கேமையும் அதுவரை தொட்டதே இல்லை என்னும்போது. 2019 ஜூனில், இ3 கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் மேடையில்தான் எல்டன் ரிங் என்ற பெயரை முதலில் கேட்டோம். ஃப்ரம்சாஃப்ட்வேர் தயாரிப்பு, இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி, அந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். டிரெய்லரில் யாரும் விளையாடுகிற காட்சி ஒரு நொடிகூட இல்லை. சம்மட்டியை ஓங்கி அடிக்கும் ஓர் உருவம், செயற்கைக் கையை மாட்டிக்கொள்ளும் செம்முடிப் பெண், பின்னணியில் என்னவோ உடைந்துபோனதைப் பற்றிப் புலம்பும் ஒரு குரல். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் ஒன்றுமே இல்லை. 2019 போனது, 2020 முழுசாகப் போனது. புதுக் காட்சியும் இல்லை, தேதியும் இல்லை. இந்த வெறுமையில் ரசிகர்கள் செய்த காரியம்தான் அந்த நாட்களில் எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. கேமில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் அவர்களே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இல்லாத பாஸ்களுக்கு, அதாவது கேமில் ஆங்காங்கே வழிமறிக்கும் பெரிய எதிரிகளுக்கு, பெயர் வைத்தார்கள், வம்ச வரலாறு எழுதினார்கள், நடக்காத சண்டைக்கு உத்தி சொன்னார்கள், அந்த உத்தி சரியா தப்பா என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள். கிளேவ் மாஸ்டர் ஹோடிர் என்று ஒருவன். முழுக்க முழுக்க ரசிகர்களின் கற்பனை. அவனைப் பற்றி எழுதியதையெல்லாம் விஷயம் தெரியாத ஒருவர் படித்திருந்தால் கேம் எப்போதோ வெளியாகிவிட்டது என்றே நம்பியிருப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் மிகவும் எதிர்பார்க்கப்படும் கேமுக்கான விருதும் இதற்கே போனது. அப்போது உலகத்தின் கையில் இருந்தது அந்த ஒரே டிரெய்லர். அடுத்த வருஷமும் அதே விருது, அதே கேம்.

2021 மார்ச்சில் கொஞ்சம் காட்சிகள் மங்கலாகக் கசிந்தன. ஜூன் 10-ம் தேதி முறையான டிரெய்லர் வந்து 2022 ஜனவரி 21 என்று தேதி போட்டார்கள். அக்டோபரில் அதைப் பிப்ரவரி 25-க்குத் தள்ளினார்கள். நவம்பரில் சோதனைக்காக ஒரு சிறு பகுதியைக் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. மற்றவர்கள் பதிந்து போட்டதை உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், எல்லாவற்றையும் இப்படியே பார்த்துத் தீர்த்துவிடுவேனோ என்ற பயத்தில்.

பயம் என்றதும் சொல்ல வேண்டும். இந்தக் காத்திருப்பில் ஆசை பாதி என்றால் மீதி நடுக்கம். ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம்கள் என்றாலே 'சாவாய், திரும்பத் திரும்பச் சாவாய்' என்பதுதான் ஊரறிந்த செய்தி. 2009-ல் டீமன்ஸ் சோல்ஸ், 2011-ல் டார்க் சோல்ஸ். 2012-ல் டார்க் சோல்ஸைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பதிப்புக்கே 'பிரிப்பேர் டு டை' என்று பெயர் வைத்தார்கள், சாகத் தயாராக இரு என்று. தங்கள் சரக்கை விற்கிறவர்களே அப்படிச் சொன்னால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்த கதைகள், ஒரே பாஸிடம் ராத்திரி முழுக்கச் செத்த வீடியோக்கள், யாராவது கஷ்டம் என்று முனகினால் உடனே 'கிட் குட்', போய் ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள் என்று ஒரு பதில். பல வருஷம் இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்த எனக்கு மனதில் படிந்த சித்திரம் ஒன்றுதான்: இது விரல் வேகத்துக்கான பரீட்சை, பதினெட்டு வயதுப் பையன்களின் அனிச்சைச் செயலுக்கு வைத்த போட்டி, நமக்கு இதில் வேலையில்லை. ஈஸி மோட் இருந்தால் கூச்சப்படாமல் அதைத் தேர்ந்தெடுக்கிற ஆள் நான். இதில் அந்த மோடே கிடையாது.

இப்போது மார்கிட் என்ற பாஸைத் தாண்டி, அவன் வாசலில் காவல் நின்ற ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் நிற்கிறேன். கேமில் இது ஆரம்பம்தான், பத்தில் ஒரு பங்கு இருக்குமோ என்னவோ. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தவரை ஒன்றைச் சொல்ல முடியும். அந்தப் புகழ், அந்தக் கஷ்டப் புகழ், இந்த கேமுக்கு யாரும் எழுதியிருக்கக்கூடிய மிக மோசமான விளம்பரம். பொய் என்று சொல்லவில்லை. கஷ்டம் இருக்கிறது. அவர்கள் சொன்ன இடத்தில் இல்லை.

முதலில் வகுப்பு, அதாவது நம் ஆள் எந்த ரகம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் கதை. பத்து வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப லெவல், ஆயுதம், உடை எல்லாம் வேறு. அஸ்ட்ராலஜர் எடுத்தால் தூரத்திலிருந்து மந்திரம் வீசலாம். சாமுராய்க்கு வில்லும் உண்டு, பார்க்கவும் அழகு. ரெட்ச் என்று ஒன்று, லெவல் 1, கையில் ஒரு தடி, உடம்பில் கோவணம் மாதிரி ஒரு துணி. இதை எடுப்பவர்களை நான் மதிக்கிறேன், புரிந்துகொள்ள முடியவில்லை. நான் வேகபாண்ட் எடுத்தேன். லெவல் 9, நீள வாள், ஒரு ஹால்பர்டு (நீண்ட கம்பில் கோடரி பொருத்திய ஆயுதம்), எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல கனத்த ஷீல்டு. வெளியாவதற்கு முந்தைய வாரங்களில் ஷீல்டு தேவையா இல்லையா என்று நடந்த விவாதங்களைப் படித்தால் ஏதோ தத்துவச் சண்டை என்று தோன்றும். ஷீல்டு பிடிப்பவன் கோழை, உருண்டு தப்பிப்பவனே வீரன் என்று ஒரு கட்சி. இருக்கட்டும். கோழையாக இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

உருவத்தை அமைப்பதிலேயே வெகுநேரம் போனது. மூக்கின் நீளத்தைச் சரிசெய்து, கன்னத்து எலும்பை ஏற்றி இறக்கி, கடைசியில் முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட்டுடன் அந்த ஆள் திரையில் வந்து நின்றபோது என்ன சொல்வது.

கேம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பல கைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது போன்ற ஒரு பிராணி வந்து கொல்கிறது. அது கொல்லத்தான் அங்கே நிற்கிறது. கைதேர்ந்தவர்கள் ஜெயிக்கிறார்கள், மற்றவர்கள் சாக வேண்டியது, செத்த பிறகுதான் கதையே ஆரம்பம். இங்கேயே எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்துவிட்டது. இத்தனை வருஷம் பயந்த அந்த முதல் சாவு முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒரு குகை, பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் குதித்தால் பயிற்சிப் பகுதி. அதன் முடிவில், ஸ்டார்ம்வேல் கோட்டையை ஆளும் காட்ரிக்கின் சிப்பாய் ஒருவன், பாஸ் மாதிரி உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பெரிய ரத்தப் பட்டையோடு வந்து நிற்கிறான். பாவம், அவனை அடித்து முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. ரசிகர்கள் ஏற்கெனவே அவனை உலகத்தின் மிகப் பயங்கரமான பாஸ் என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு கதவு திறக்கிறது. லிம்கிரேவ் என்ற முதல் பிரதேசம். வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு பொன்னாக ஒளிரும் எர்ட்ரீ என்ற ராட்சத மரம், கீழே புல்வெளி, தூரத்தில் மலைமேல் ஒரு கோட்டை. வெளியே வந்தவுடன் வெள்ளை முகமூடி போட்ட வாரே என்பவன் மிக மரியாதையான குரலில் உனக்குத் துணையாக ஒரு கன்னி இல்லை, நீ ஒன்றுமில்லாதவன், யாரும் தெரியாமல் செத்துப்போவாய் என்று வரவேற்கிறான். இரண்டரை வருஷம் காத்திருந்ததற்கு இந்த மரியாதை.

அவனைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், பொன் கவசம் போட்ட குதிரைமேல் பொன் கவசம் போட்ட ஒருவன், கையில் ஆள் உயர ஹால்பர்டோடு, பாதையில் நிதானமாக ரோந்து போகிறான். ட்ரீ சென்டினல். இதுதான் கேமின் முதல் பாடம், இதைப் பற்றித்தான் நான் பெரிதாக எழுத வேண்டும் என்று இருந்தேன். வேறு எந்த கேமிலும் வழியில் முதலில் வரும் எதிரி என்றால் அவனை அடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம், நம் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. இங்கே போய் அடித்தால் இரண்டு வெட்டு, முடிந்தது. திரும்ப எழுந்து போனால் குதிரைக் காலால் ஒரு மிதி. மறுபடியும் போனால் குதிரையோடு எம்பிக் குதித்து மேலேயே விழுகிறான். அப்படிச் சில தடவை ஆன பிறகு ஒதுங்கி நின்று அவன் போகிற பாதையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் மரங்கள், புதர்கள், குனிந்து போனால் அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்குப் பின்னால் இருக்கும் இடிந்த தேவாலயத்தில் கலே என்ற வியாபாரி நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறான், நீ எங்கே போனாய் இவ்வளவு நேரம் என்பது போல.

அதாவது அந்தக் குதிரைக்காரன் பரீட்சை இல்லை, அறிவிப்புப் பலகை. இந்த உலகத்தில் உன்னைவிடப் பெரியவர்கள் நடமாடுகிறார்கள், எல்லாரிடமும் இப்போதே மோத வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போ, பிறகு வா. கஷ்டம் என்பதை வைத்து வழி சொல்கிறார்கள். லெவல் எண்ணை எதிரியின் தலைக்கு மேல் எழுதிவைத்து, உனக்கு இங்கே அனுமதி இல்லை என்று சொல்லும் கேம்கள் நிறைய உண்டு. இதில் அந்த எண் இல்லை. வாங்கிய அடிதான் எண். நான் தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் அலைந்து, லெவல் ஏற்றி, டாரண்ட் என்ற அந்த மாயக் குதிரையும் கிடைத்த பிறகு திரும்பி வந்து அவனைக் குதிரைமேல் இருந்தே முடித்தேன். அவனுடைய ஹால்பர்டு இப்போது என் பெட்டியில் இருக்கிறது, தூக்கத்தான் பலம் போதவில்லை.

சாவின் கணக்கு எப்படி என்று விளையாடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எதிரிகளைக் கொன்றால் ரூன் கிடைக்கும். அதுதான் காசு, லெவல் ஏற்றவும் அதேதான். செத்தால் கையிலிருக்கும் ரூன் எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும், நீங்கள் கடைசியாக இளைப்பாறிய கிரேஸ் என்னும் ஒளிப்புள்ளியில் எழுந்திருப்பீர்கள். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் முதலில் கிடந்தது போயே போய்விடும். காகிதத்தில் பார்த்தால் சின்ன விதி. ஆனால் இது மனுஷனைச் செய்கிற வேலை இருக்கிறதே. பையில் ஒன்றுமில்லாதபோது சிங்கம், ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் ஒரு சின்ன நாய் குரைத்தாலும் நடுக்கம். விழுந்து கிடக்கும் ரூனை எடுக்க ஓடுகிற அவசரத்தில்தான் அடுத்த சாவு நடக்கிறது, எப்போதும். கொஞ்ச நாளில் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: போனால் போகட்டும். அன்றிலிருந்து சாவு குறைந்தது, காசும் சேர்ந்தது.

சண்டையும் இதே ரகம்தான். விரல் வேகம் என்று நினைத்தது இங்கேதான் உடைந்தது. பட்டனை அழுத்தினால் வாள் ஓங்கி, வெட்டி, திரும்பி வரும்வரை உங்கள் ஆளை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, பாதியில் மனம் மாறினால் அது உங்கள் பிரச்சினை. உருள்வதற்கும் வெட்டுவதற்கும் ஓடுவதற்கும் ஒரே ஸ்டாமினாதான், அதாவது தெம்பின் அளவைக் காட்டும் பட்டை. ஷீல்டில் அடி வாங்கினாலும் அதே பட்டை குறையும். தூக்கியிருக்கும் பாரம் தாங்கும் சக்தியில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உருள்வது மூட்டை உருள்வது போல் ஆகிவிடும். ஆகவே வேகமாக எதையாவது அழுத்துகிறவன்தான் முதலில் சாகிறான். பார்த்து, பொறுத்து, ஒரு அடி, பின்வாங்கு. ஷீல்டில் அடியை வாங்கிய மறுகணம் கனத்த அடி பட்டனை அழுத்தினால் கார்டு கவுண்டர் என்று ஒரு பதிலடி விழும். இந்த கேமில்தான் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். என் கோழைத்தனத்துக்கென்றே செய்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

நடுவில் அந்தப் பெட்டி விஷயம். ஏரிக்கு நடுவே எரிந்துபோன இடிபாடுகள், கீழே ஒரு நிலவறை, அதில் ஒரு பெட்டி. (மேலே ஏரியில் அகீல் என்ற டிராகன் வானத்திலிருந்து வந்து குதிக்கும், அது வேறு கதை, அன்றைக்கு நான் ஓடிய ஓட்டம் வேறு.) பெட்டியைத் திறந்தால் புகை. கண் விழித்தால் படிகங்கள் மின்னும் ஏதோ சுரங்கம், வரைபடத்தைத் திறந்து வேறு இடம் தாவலாம் என்றால் அதுவும் முடியாது, உள்ளே இருக்கிற எவனும் ஒரே அடியில் என் பாதி ரத்தத்தைக் குடிக்கிறான். எப்படியோ ஒளிந்து ஒளிந்து வெளியே வந்தால் வானம் சிவப்பு, மண் சிவப்பு, அழுகிப்போன நிலம். கெயிலிட். டைனோசரா நாயா என்று சொல்ல முடியாத என்னவோ துரத்துகிறது. புல்வெளியும் காற்றும் என்று கொஞ்சம் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தவனை இப்படி ஒரு நரகத்தில் தூக்கிப் போட்டது அநியாயம்தான். ஆனால் அன்று தப்பித்து லிம்கிரேவ் திரும்பி அந்தப் பச்சையைப் பார்த்தபோது இருந்த ஆசுவாசத்தை எந்த டிரெய்லரும் எனக்குக் கொடுத்திருக்காது. உலகம் எவ்வளவு பெரியது என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்லவில்லை, கடத்திக்கொண்டு போய்ச் சொன்னார்கள்.

சரி, மார்கிட்.

கிரேஸ் புள்ளியிலிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கீற்று காற்றில் வழி காட்டும். அதன் பின்னால் சமர்த்தாகப் போனால் நேராக ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில், குகைப்பாதையைத் தாண்டி, ஒரு பாலத்தில் கொண்டுபோய் விடும். அங்கே மார்கிட். கொம்பும் வாலும் கிழிந்த அங்கியுமாக, கையில் ஒரு கோல். டார்னிஷ்டுகளின் (கேமில் நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பெயர்) மூட ஆசைக்கு இங்கே முற்றுப்புள்ளி வைக்கப் போவதாக ஒரு பேச்சு வேறு. குரல் நன்றாக இருக்கிறது, அதை எத்தனை முறை கேட்டேன் என்பதை விட்டுவிடுவோம்.

இவனை ஜெயிப்பது கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் வேகம் இல்லை, தாமதம். கோலை ஓங்குகிறான், நாம் உருள்கிறோம், அவன் அடிக்கவில்லை. இன்னும் ஓங்கியபடியே நிற்கிறான். பந்தை எறிவதுபோல் கையை வீசிவிட்டு எறியாமல் வைத்துக்கொண்டு நம்மைக் குதிக்கவிட்டுச் சிரிக்கும் பையன் மாதிரி. நாம் உருண்டு எழுந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் அடி விழுகிறது. குடுவையை எடுத்து ரத்தத்தை நிரப்பலாம் என்று விலகினால் ஒளிக்கத்தி ஒன்று பறந்து வருகிறது, எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் மாதிரி. பாதி ரத்தம் குறைந்ததும் ஒளியால் செய்த பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதிக்கிறான். இவ்வளவையும் கடந்து அவனுக்கு இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி என்ற நிலை வரும் பாருங்கள், அங்கேதான் இந்த கேமின் முழுக் கஷ்டமும் இருக்கிறது. அந்த ஒரு அடிக்காக ஒரு வெட்டு கூடுதலாக வெட்டத் தோன்றும். ஸ்டாமினா தீர்ந்து நிற்போம். அவன் நிதானமாக ஓங்குவான். அனிச்சைச் செயல் பதினெட்டு வயதில் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், பொறுமை அந்த வயதில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நல்லது என்னவென்றால், செத்தால் அவன் வாசலிலேயே எழுந்துகொள்ளலாம். மரிகாவின் கம்பம் என்று ஒரு சின்னச் சிலையைப் பாஸ்களுக்குப் பக்கத்தில் நட்டுவைத்திருக்கிறார்கள். பழைய கேம்களில் பாஸிடம் சாகிற ஒவ்வொரு தடவையும் நீண்ட தூரம் ஓடி வர வேண்டும் என்பார்கள், அந்தத் தண்டனை இங்கே பெரும்பாலும் இல்லை. உதவியும் குறைவில்லை. பாஸ் இருக்கும் இடத்தின் வாசலை மூடும் பனித்திரைக்கு வெளியே தரையில் பொன்னிற எழுத்து ஒன்று மின்னும், தொட்டால் ரோஜியர் என்ற மந்திரவாதி கூட வந்து சண்டை போடுவான். கலே உட்கார்ந்திருந்த அந்த எல்லே தேவாலயத்துக்கு இரவில் போனால் ஒரு சூனியக்காரி மணி ஒன்றைக் கொடுப்பாள், அதை அடித்தால் மூன்று ஓநாய்கள் துணைக்கு வரும். மார்கிட்டையே கட்டிப்போடும் ஒரு சங்கிலியைக்கூட 5000 ரூனுக்கு பேட்சஸ் என்ற திருடன் குகையில் விற்கிறான். எதையும் வேண்டாம் என்றால் வேண்டாம், திரும்பிப் போய் நாலைந்து லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம், கோட்டைக்குள் போகாமலே பக்கவாட்டில் நழுவி அடுத்த பிரதேசத்துக்கே போகலாம்.

நான் ஓநாய்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவை மார்கிட்டின் காலைக் கடித்துக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று வெட்டினேன். ஜெயித்தேன். இதை வெற்றியாகவே சேர்க்கக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மந்திரம் போட்டால் சேராது, துணை அழைத்தால் சேராது, லெவல் கூடினால் சேராது என்று போகிற அந்தப் பட்டியல். கேம் செய்தவர் மியாசாகியே பேட்டிகளில் தான் அப்படியொன்றும் திறமையான ஆட்டக்காரன் இல்லை, நிறையச் சாகிறவன் என்றும், கிடைக்கிற உதவியையெல்லாம் பயன்படுத்துவேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்கே இல்லாத ரோஷம் இவர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ. ஈஸி மோட் வேண்டுமா வேண்டாமா என்று நடக்கும் அந்தப் பழைய வாதத்தில் இரண்டு பக்கமும் கவனிக்காதது, அந்த மோட் மெனுவில் இல்லாமல் உலகத்துக்குள்ளேயே துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதைத்தான். தேடிப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஒரு குறையை மன்னிக்க முடியவில்லை: பாஸ் பட்டன் இல்லை. (நிறுத்திவைக்கும் பாஸ், அடிக்கிற பாஸ் நிறையவே இருக்கிறார்கள்.) ஆன்லைனில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து ஆடும்போது நிறுத்த முடியாது என்பது புரிகிறது. இணையத்தை அணைத்துவிட்டுத் தனியாக ஆடுகிறவனுக்கு ஏன் இல்லை? மெனுவுக்குள் போய் விளக்கக் குறிப்பைத் திறந்தால் உலகம் நின்றுவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள், செய்து பார்த்தேன், நிற்கிறது. அப்படியென்றால் செய்ய முடியும், செய்யவில்லை. வீட்டில் குழந்தை உள்ளவர்கள், கை சீக்கிரம் வலித்துவிடுகிறவர்கள் எல்லாரும் ஆடுகிற கேம் இது. அதில் இதைக் கஷ்டத்தின் ஒரு பகுதி என்று நியாயப்படுத்துவது வெறும் வீம்பு. எழுத்தும் பொடி எழுத்து.

இதற்கு நேர் எதிராக, தனியாகவே ஆடினாலும் தனியாக இல்லை என்று தோன்றவைக்கிற விஷயம் ஒன்று உண்டு. மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் எழுதிவிட்டுப் போகும் குறிப்புகள். நினைத்ததை எழுத முடியாது, கொடுத்திருக்கும் சொற்களைக் கோத்துத்தான் எழுத வேண்டும். 'முன்னால் ரகசிய வழி' என்று சுவருக்கு முன்னால் எழுதியிருக்கும், அடித்துப் பார்த்தால் வெறும் சுவர். மலை விளிம்பில் 'குதித்துப் பார்' என்று இருக்கும், பக்கத்திலேயே குதித்துப் பார்த்தவர்களின் ரத்தக்கறை. ஒவ்வொரு ஆமையைப் பார்த்தும் நாய் என்று எழுதியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். நடுவில் எங்கோ ஒருவர் உண்மையாகவே பதுங்கியிருக்கிற எதிரியைப் பற்றி எச்சரித்திருப்பார். அந்தக் குறிப்பை நாம் நன்று என்று குறித்தால் எழுதியவருக்கு அந்தக் கணத்தில் ரத்தம் ஏறும். அவர் அப்போது எந்த பாஸிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாரோ. முகம் தெரியாதவர்கள் இப்படி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் யோசனை வந்த விதத்தை மியாசாகி முன்பு சொல்லியிருக்கிறார். பனியில் ஒரு மேட்டில் கார்கள் ஏற முடியாமல் வழுக்கி நின்றபோது பின்னால் வந்த கார்கள் முன்னால் இருந்ததைத் தள்ளிவிட, அப்படியே எல்லாரும் ஏறிப் போனார்களாம். தள்ளிவிட்டவருக்கு நன்றி சொல்ல நின்றால் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டியதுதான், ஆகவே யாருக்கும் யாரென்று தெரியாமலே போனது. டீமன்ஸ் சோல்ஸ் காலத்திலிருந்து இந்தக் குறிப்புகள் இருக்கின்றன. மார்கிட் வாசலில் யாரோ 'பொறுமை தேவை' என்கிற மாதிரி எழுதியிருந்தார். நன்று போட்டேன்.

வெளியாகி மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி பிரதி என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் பாதிப் பேராவது என்னை மாதிரி வெளியிலிருந்து பயந்துகொண்டிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குதிரையும் வெட்டவெளியும் கொடுத்ததால் உள்ளே வந்துவிட்டார்கள்.

இப்போது கோட்டை வாசலில் காஸ்டாக் என்று ஒரு காவல்காரன். முதுகு வளைந்து, கையைப் பிசைந்துகொண்டு, பெரிய கதவு வழியாகப் போகாதே, பெரிய அம்பு எறிகிற இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு பொந்து இருக்கிறது, அந்த வழியாகப் போ என்று ரகசியமாகச் சொல்கிறான். நம்பலாமா என்று யோசித்து, போனேன். வழி சரியான வழிதான். காலில் கத்தி கட்டிய கழுகுகள் இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. செத்துத் திரும்பி வந்து ரூனை எடுத்தால் இருந்ததைவிடக் குறைகிறது. எனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் கோட்டைக்குள் நான் சாகும்போதெல்லாம் அந்தக் காஸ்டாக் வந்து ஒரு பங்கை உருவிக்கொண்டு போகிறானாம். வெட்டிப் போட்டுவிடலாம் என்று வாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். பின்னால் அவனிடம் சாமான் வாங்கலாம் என்கிறார்கள். விட்டுவைத்திருக்கிறேன், காட்ரிக்கைப் பார்த்துவிட்டு வரும் வரைக்கும்.